உப்புச் சுவரில் ஒரு கைப்பிடி

கைப்பிடியில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப். இரண்டு முனையிலும் தட்டு வைத்து நானே வெல்டிங் செய்தேன். தட்டுக்கு நான்கு ஓட்டை, மொத்தம் எட்டு ஸ்க்ரூ. கை வழுக்கக் கூடாது என்று நடுவில் லேசாக அரம் போட்டுச் சொரசொரப்பாக்கினேன். இன்றுவரை அது வளையவும் இல்லை, துருப்பிடிக்கவும் இல்லை. மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் செய்த வேலை அது.

குறை சுவரில்தான். அந்தச் சுவரும் நான் கட்டியது.

காரைக்காலில் தருமபுரத்தில் எங்கள் வீடு. கட்டுகிற காலத்தில் நல்ல தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும், அதுவும் நூல் மாதிரி. வீட்டு வேலைக்கு அது எந்த மூலைக்கு? எல்லோரும் போர் போட்டோம். போர் தண்ணீர் உப்பு. வாய் கொப்பளித்தால் குமட்டும், குளித்தால் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத்தான் சிமெண்டில் ஊற்றினோம். தெருவில் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் எழும்பிய எல்லா வீட்டுக்கும் அதே தண்ணீர். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். "குடிக்கிறது மனுஷன். சுவரா குடிக்கப்போகுது?" என்று அவரிடம் சொன்னது நான்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சுவர் குடித்தது. ஐந்தாறு மழைக்காலம் போனதும் கீழே அரை அடி உயரத்துக்குச் சுண்ணாம்பு பொருமியது. காரை உதிர்ந்தது. காலையில் எழுந்தால் சுவர் ஓரம் நெடுக வெள்ளையாகப் பொடி கிடக்கும். என் மனைவி கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டுவாள்.

"இந்தாங்க. இன்னிக்கு வெளைஞ்சது. மாங்கா இருந்தா ஊறுகா போட்டுடலாம்."

இந்த உப்புக்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. டைல்ஸ். உதிர்கிற இடத்தின் மேல் ஓர் அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். மூன்று வருஷத்தில் டைல்ஸுக்கு மேலே பொருமும். உடனே இரண்டாவது அடி ஒட்டுவார்கள். பிறகு மூன்றாவது. எங்கள் தெருவில் டைல்ஸின் உயரத்தைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்லிவிடலாம். வெள்ளம் ஏற ஏற வேட்டியைத் தூக்கிக் கட்டுகிற மாதிரிதான். தண்ணீர் குறைய ஒருவனும் ஒன்றும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் சித்திரையில் அவளுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். போன பேச்சு திரும்பிவிட்டது, அதுவும் நன்றாகவே திரும்பியது. இடது கையும் காலும் முழுதாகத் திரும்பவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடப்பாள். சமையலறை வரை போய் என் சமையலைத் திட்டிவிட்டு வருவாள். கழிவறைக்குத்தான் தனியாகப் போக முடியாது. உட்கார்ந்துவிடுவாள், எழுந்திருக்க முடியாது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. போகவேண்டி வருமே என்று. உதடு வெடித்துக் கிடந்தது. ஒருநாள் நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"புள்ள பெத்தேன். பெத்த மறுநாளே நானா எந்திரிச்சுப் போனேன். எவளும் என்னத் தூக்கிட்டுப் போகல. நாப்பது வருஷம் உங்ககிட்ட நான் என்ன கேட்டேன்? நகை கேட்டேனா, பொடவ கேட்டேனா? இது ஒண்ணு செஞ்சு குடுங்க. அந்தக் கதவச் சாத்திக்கிட்டு நான் தனியாப் போயிட்டு வரணும். அவ்வளவுதான்."

மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். படுக்கையிலேயே வைத்துக்கொள்கிற பாத்திரம் ஒன்று வாங்கி வந்திருந்தாள். "இதுல வசதியா இருக்கும்மா. எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

"வசதியா இருக்கும்ல? எடுத்துட்டுப் போயி உன் மாமியாருக்குக் குடு" என்றாள் இவள்.

கழிவறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு அரித்துக் கிடந்தது. கைப்பிடி மாட்டவேண்டும் என்றால் முதலில் சுவரைச் சரிசெய்ய வேண்டும். நெரவிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரை வரச்சொன்னேன். வந்தவர் கரண்டியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். நகத்தால் சுரண்டினார். சுரண்டின விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சார், இதுல ஆணி அடிச்சா சாமி படம்கூட நிக்காது."

"அது எனக்கும் தெரியுது. என்ன செய்யணும், அதச் சொல்லு."

"காரை பூராவையும் கொத்தி எடுத்துடணும். செங்கல்லு தெரியிற மாதிரி. நல்ல தண்ணி ஊத்திக் கழுவிக் கழுவிக் காய விடணும். உப்பு வெளிய வரும். வர வர பிரஷ்ஷு போட்டுத் தள்ளணும். மூணு மாசம் ஆகும். இப்ப நல்ல வெயிலு, இப்ப ஆரம்பிச்சா ஆவணிக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கப்புறம் பூசி, கம்பி வர்ற எடத்துல காங்கிரீட்டு போட்டு மாட்டுனா, ஆன கட்டலாம்."

வாசற்படி அருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள். "மூணு மாசம் நான் எங்கப்பா போறது?"

"மக வீட்டுல இருந்துட்டு வாங்கக்கா."

"அவ வீடு மூணாவது மாடி. லிஃப்டு கெடையாது. என்னத் தூக்க நீ வர்றியா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், சோற்றில் கல் இருந்தாலும் வரும். "மூணு மாசம் என் வீட்ட ஒடச்சுப் போட்டுட்டு நீ வேற வேலைக்குப் போயிடுவ. நான் உன் பின்னாடி அலையணும். உங்க ஆளுங்க கத எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நம்பிக்கை இல்லன்னா விடுங்க சார்." கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அந்த ஆளு டீயக் குடிக்காமப் போறான், பாருங்க" என்றாள் அவள். டம்ளர் ஜன்னல் திட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ஃபேன், மோட்டார், குழாய், மிக்ஸி, கதவுக் கீல், எல்லாம் இந்த வீட்டில் நான்தான். மில்லில் ஆள் உயர மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டியவனுக்கு ஒரு சுவர் பெரிதா? டைல்ஸும் பசையும் வாங்கி வந்தேன். நான்கு நாள் வேலை. அவள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கழிவறை வாசலில் போடச்சொல்லி உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரி அவள்தான்.

"அந்த மூணாவது கல்லு கோணலா இருக்கு."

"ரசமட்டம் வச்சுப் பாத்தாச்சு. நேராத்தான் இருக்கு."

"அப்ப உங்க ரசமட்டம் கோணல்."

பக்கவாதம் வந்த பிறகு அவள் என்னை அப்படிக் கேலி செய்தது முதலில் அந்த நான்கு நாளில்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. காரையைச் சுரண்டும்போது புட்டு மாவு மாதிரி வந்தது. ஓர் அங்குலம் சுரண்டினேன். உள்ளே இன்னும் ஈரம். மேலும் சுரண்டினால் செங்கல் வந்துவிடும், அப்புறம் கொத்தனார் சொன்ன மூன்று மாதம்தான். நிறுத்திவிட்டு அதன்மேல் பசையைத் தடவி டைல்ஸை ஒட்டினேன்.

நான் எழுத உட்கார்ந்ததே இனிமேல் வருவதற்காகத்தான். டைல்ஸ் இறுகிய பிறகு டிரில்லிங் மெஷினை வைத்தேன். டைல்ஸைத் தாண்டும்வரை மெஷின் கத்தியது. தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. நல்ல சுவர் என்றால் செங்கல்லில் மெஷின் அலறவேண்டும், கை அதிரவேண்டும், சிவப்பாகத் தூள் கொட்டவேண்டும். எனக்குக் கை அதிரவில்லை. வெள்ளையாக, ஈரமாக, பிசுபிசுவென்று வந்தது. விரலில் ஒட்டியது. எட்டு ஓட்டையிலும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்தது. ஒரு மெஷின் சத்தம் மாறினால் பத்தடி தள்ளி நின்று என்ன கோளாறு என்று சொல்கிறவன் நான். சத்தம் மாறியதைக் கேட்டேன். கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் நீளமான ஸ்க்ரூவாக வாங்கி வந்தேன். ஓட்டைக்குள் பசையைப் பிதுக்கி, பிளாஸ்டிக் ராவல் பிளக்கைத் திணித்து, ஸ்க்ரூவை முறுக்கினேன். இறுகுகிற மாதிரி இருந்தது. இறுகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவள் முன்னால் அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினேன். காலை மடக்கிக்கொண்டு, முழு பாரத்தையும் போட்டு. அசையவில்லை.

"போதும், கொரங்கு மாதிரி தொங்காதீங்க. எறங்கி வழிய விடுங்க" என்றாள். கோலை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடாதே என்று சொல்லியிருந்தேன். போட்டாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே நின்றேன். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம், தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். காசிக்குப் போய் வந்தவள் மாதிரி முகத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன, வாசல்ல காவலா? போங்க, போயி வேலயப் பாருங்க."

அன்று மதியம் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

ஏழு மாதம் அப்படிப் போனது. அதற்குள் மழைக்காலம் வந்தது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முழுக்க விடவில்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். டைல்ஸுக்கு மேலே சுவரில் ஈரம் படம் போட்டு ஏறியது. பார்த்தேன். வெயில் வந்தால் காயும் என்று விட்டேன்.

மார்கழியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டுகளை அடுக்கோடு தரையில் போடுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து கனமாக ஒரு சத்தம். அவள் கத்தவே இல்லை.

கதவு திறக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாளும் நான் போட்டது. நன்றாகப் போட்டிருந்தேன். கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினேன். நெம்ப நெம்ப வரவில்லை. என் வேலையை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு நெம்பினேன்.

இடது பக்கமாக விழுந்து கிடந்தாள். தலையைச் சுற்றி உடைந்த டைல்ஸ், ஈரக் காரை. வலது கையில் அந்தக் கம்பி. விடாமல் பிடித்திருந்தாள். இரண்டு தட்டும், எட்டு ஸ்க்ரூவும், ராவல் பிளக்கும், ஒரு பக்கத் தட்டோடு முழு டைல்ஸ் ஒன்றும் அப்படியே கம்பியோடு இருந்தன. கம்பி சுவரை விட்டு வரவில்லை. சுவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

என்னைப் பார்த்தாள். "கம்பிக்கு ஒண்ணும் ஆகலங்க" என்றாள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். சீக்கிரம் எழுந்து நிற்க வைக்கவேண்டும் என்றார் டாக்டர். வலது கால் நிற்கும், இடது கால் ஏற்கெனவே வலுவில்லாதது, அந்தப் பக்கத்து இடுப்பும் போய்விட்டது. நான்கு பேர் பிடித்து நிறுத்திப் பார்த்தோம். இரண்டு மாதம் முயற்சி செய்தோம். அவளும் செய்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். அதன் பிறகு அவள் நிற்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனேன். மிச்சம் இருந்த டைல்ஸைக் கொத்தினேன். பின்னால் உப்பு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது, இட்லித் தட்டில் ஒட்டின மாவு மாதிரி. அழவில்லை. கொத்தினேன். கட்டிலிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"நீங்க கொத்துனது போதும். அந்தக் கொத்தனாரப் போயிக் கூப்பிடுங்க."

"அவன் வருவானா?"

"வருவான். உங்கள மாதிரியா எல்லாரும்?"

நெரவியில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன சார்?"

"சுவர் வந்துடுச்சு."

"அக்கா?"

"விழுந்து இடுப்பு ஒடிஞ்சுடுச்சு. நான் டைல்ஸ் ஒட்டி மாட்டுனது ஏழு மாசம்தான் நின்னுச்சு." அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். "அந்தச் செவுத்துல ஏழு மாசம் நின்னுச்சா? நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க சார்." அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முழுதும் கொத்தி எடுத்தார். செங்கல் தெரிந்தது. தினமும் கேனில் நல்ல தண்ணீர் பிடித்து வந்து ஊற்றுவேன். மறுநாள் காலை செங்கல் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். பிரஷ்ஷால் தள்ளி அள்ளுவேன். மறுபடி ஊற்றுவேன். மாசி, பங்குனி, சித்திரை. அள்ளிய முறத்தை ஒருநாள் அவள் கட்டிலருகே கொண்டுபோய், "இந்தா, இன்னிக்கு வெளைஞ்சது" என்றேன். அவள் முறத்தைப் பார்த்தாள். மாங்காய் சீசன்தான். ஊறுகாய் என்று அவள் சொல்லவில்லை.

அந்த மூன்று மாதமும், காரை இல்லாத அதே கழிவறைக்கு நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலிலேயே அந்த மூன்று மாதம் தூக்கியிருக்கலாம். அவளைச் சமாதானம் செய்து, திட்டி, கெஞ்சி, எப்படியாவது. ஆவணியில் சுவர் தயாராகியிருக்கும். மூன்று மாதம் தூக்க முடியாது என்று நினைத்தவன் இப்போது ஆயுசுக்கும் தூக்குகிறேன்.

வைகாசியில் கொத்தனார் பூசினார். கம்பி வருகிற இடத்தில் காங்கிரீட் போட்டு, அதே கம்பியை, நான் செய்த அதே கம்பியை, சுவருக்கு அந்தப் பக்கம்வரை போல்ட் விட்டு முடுக்கினார். "தொங்கிப் பாருங்க சார்" என்றார்.

"நீயே தொங்கு" என்றேன்.

டீ கொடுத்தேன். குடித்தார்.

அன்றைக்கு அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கழிவறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். வலது கையால் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். இன்னொரு தடவை ஆட்டினாள், பலமாக.

"அசையல" என்றாள்.

"ஆமா."

"எத்தன நாளாச்சு, காயிறதுக்கு?"

"தொண்ணூத்தி நாலு நாள்."

"மூணு மாசம்னுதான் சொன்னான். அந்த ஆளு பொய் சொல்லல" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

எதிர்வீட்டில் போன மாதம் நான்காவது அடி டைல்ஸ் ஒட்டினார்கள். போய்ச் சொன்னேன். கொத்தி எடுங்கள், காய விடுங்கள், மூன்று மாதம் ஆகும் என்று. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். கொத்தனாரை நான் பார்த்த அதே பார்வை. டைல்ஸ் ஒட்டி முடித்து, பளபளவென்று இருக்கிறது.

எங்கள் சுவர் வேலை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அவளைக் குளிப்பாட்டிவிட்டு ஈரத் துண்டை எங்கே போடுவது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கம்பில போடுங்க. சும்மாதானே நிக்குது."

"அதுல வேண்டாம்."

"ஏன், அது என்ன சாமியா? போடுங்கன்னா போடுங்க."

போட்டேன். இப்போது தினமும் துண்டு அதில்தான் காய்கிறது.

மகள் வந்து போய்க்கொண்டிருக்கிறாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தெருக்கதவு பூட்டியிருக்கிறது, பாத்திரம் கழுவ வருகிறவளும் போய்விட்டாள், எட்டிப் பார்க்க ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் நான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தவுடன், ஒவ்வொரு தடவையும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "கதவச் சாத்துங்க" என்கிறாள்.

சாத்துகிறேன். நானும் உள்ளேதான் நிற்கிறேன்.